வலது கன்னத்து மச்சம்

என் வீட்டுக்காரி பொய் சொல்லி நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாள்லயே எனக்கு ஈரக்குலை நடுங்கிப் போச்சு. இவளைப் பத்தி எனக்குத் தெரியாதது என்ன இருக்குன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சவன் நான். ஆனா அதைச் சொல்றதுக்கு முன்னாடி அவ எப்பேர்ப்பட்ட ஆளுன்னு சொல்லியாகணும். இல்லேன்னா நான் ஏன் இப்படி ஆடிப்போனேன்னு உங்களுக்குப் புரியாது.

எங்க தெருவுல அவளுக்குப் பேரு முத்திரையம்மா. குடிநீர் ஆபீஸ்ல விண்ணப்பம் வாங்கற ஜன்னலுக்குப் பின்னாடி இருபத்தெட்டு வருஷம் உக்கார்ந்து, பெறப்பட்டதுன்னு தேதி போட்டு முத்திரை குத்தினவ. ஒரு தடவை அவளோட மேலதிகாரியே ஒரு காகிதத்தை நீட்டி, நேத்துத் தேதி வெச்சுக் குத்தும்மான்னு கேட்டிருக்கார். இன்னைக்கு வந்தது இன்னைக்குத்தான் வந்துச்சுன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டு வந்துட்டா. அதுக்காக ரெண்டு பஸ் மாறிப் போற ஆபீசுக்குத் தூக்கியடிச்சாங்க, மூணு வருஷம். ஒரு நாள் முன்னப்பின்ன இருந்தா யாரு குடி முழுகிடும்னு நான்தான் வீட்டுல கத்தினேன். அவ பாட்டுக்கு டிபன் டப்பாவை மூடி பையில வெச்சுக்கிட்டு பஸ் ஏறப் போயிட்டா.

வீட்டுலயும் அதே கதைதான். அவளைக் கூட்டிக்கிட்டு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறதுன்னா எனக்கு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். புதுச்சட்டை எப்படி இருக்குக்கான்னு அவ தம்பி ஆசையா கேட்டா, தொப்பை தெரியுதுடான்னு சொல்லுவா. சொல்லிட்டு, நான் ஏன் முறைக்கிறேன்னு அவளுக்கே புரியாம என்னைப் பார்ப்பா. அதான் அவ.

ரிட்டையர் ஆன அன்னைக்கு ஆபீஸ்ல அவளுக்கு ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தாங்க. கடையில வாங்கினது. மேல ரோஜாப்பூ, உள்ள யாரோ யாருக்கோ அச்சடிச்ச நாலு வரி, அதுக்குக் கீழ பதினோரு கையெழுத்து. பின்னாடி விலை ஒட்டின தாளைக்கூட எவனும் கிழிக்கல. அதைக் கையில வெச்சுக்கிட்டு அன்னைக்கு சாயந்திரம் முழுக்க உம்முனு உக்கார்ந்திருந்தா. இருபத்தெட்டு வருஷத்துல என்னைப் பத்தி ஒருத்தருக்கும் சொந்தமா ஒரு வரி எழுதத் தோணலையேன்னு ஒரே ஒரு தடவை சொன்னா. அவ்வளவுதான். அடுத்த மாசம் கத்திரிக்கோலும் கெட்டி அட்டையுமா உக்கார்ந்தவதான், இன்னும் எழுந்திருக்கல.

தானே வாழ்த்து அட்டை பண்ணி, கேக்கறவங்களுக்குக் கொடுக்கப் போறேன்னா. கை வேலைன்னா ஏதோ பூ வரையறான்னு நினைச்சேன். இல்லை. இணையத்துல படம் வரையறவங்க இருக்காங்க. வெறும் கோட்டுப்படம், வர்ணம் இல்லாம. குடை பிடிச்ச பொண்ணு, கேக் சாப்பிடற நாய், மீன் பிடிக்கிற தாத்தா, இப்படி. அதுக்குப் பேரு டிஜிட்டல் ஸ்டாம்ப். ரப்பரும் கிடையாது, மையும் கிடையாது, ஆனா ஸ்டாம்ப்பாம். அதை வாங்கி கம்ப்யூட்டர்ல இறக்கிட்டா வேணுங்கற அளவுக்குப் பெருசாக்கலாம், சின்னதாக்கலாம், எத்தனை தடவை வேணும்னாலும் அச்செடுக்கலாம். அட்டையில அச்செடுத்து, பேனா மாதிரி இருக்கிற மார்க்கரால வர்ணம் கொடுத்து, ஓரம் வெட்டி, பின்னாடி ஸ்பாஞ்சு டேப் ஒட்டி தூக்கலா நிக்க வைப்பா. ஆயுசு பூரா முத்திரை குத்தியும் உனக்கு அலுக்கலையான்னு கிண்டல் பண்ணுவேன். இந்த முத்திரைக்குத் தேதி கிடையாதுங்கன்னு சொல்லுவா.

முதல்ல வீட்டுல இருந்த பழைய பிரிண்டர்லதான் எடுத்தா. மார்க்கர் பட்டதும் கோடெல்லாம் கரைஞ்சு, குடை பிடிச்ச பொண்ணு முகம் முழுக்கக் கரியைப் பூசிக்கிட்டு நின்னுச்சு. லேசர் பிரிண்டர்ல எடுத்தாத்தான் கரையாதுன்னு கண்டுபிடிச்சு, அதையும் வாங்க வெச்சா. எங்க வீட்டுல சின்ன அறைன்னு ஒண்ணு இருந்துச்சு, என் லிஃப்ட் சாமானெல்லாம் போட்டு வெச்ச அறை. முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன் சேர்த்து வெச்ச ஸ்பேனரெல்லாம் இப்ப பால்கனியில துரு பிடிக்குது. அறை அவளோடது.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. அட்டையில இருக்கிற முகம், அட்டையைத் திறக்கிற பக்கம் பார்க்கணும். உள்ள எழுதியிருக்கிறதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா, வந்தவங்களை வாங்கன்னு கேக்காம திரும்பிக்கிற மாதிரி இருக்கும்பா. அதனால வாங்கின படம் அந்தப் பக்கம் பார்த்துச்சுன்னா, ஒரு பட்டனைத் தட்டி, கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடவலமா மாத்திடுவா. பத்துல ஆறு படம் இப்படித் திரும்பும். யோசிச்செல்லாம் பண்றதில்ல, மூக்கு அரிச்சா சொறிஞ்சுக்கிற மாதிரி கை தானாப் போகும். ஒரு தடவை கால்பந்து ஆடற பையன் படத்தைத் திருப்பி, சட்டையில இருந்த நம்பர் கண்ணாடி எழுத்து மாதிரி ஆகி, வாங்கின விளையாட்டு வாத்தியாரு ஒரு வாரம் சிரிச்சாரு.

சரி, விஷயத்துக்கு வரேன்.

தெருமுனையில மருந்துக்கடை. கடைக்காரரும் அவரு சம்சாரமும்தான் எல்லாம். அவரு உள்ள அலமாரியில மருந்து எடுப்பாரு, அந்தம்மா கவுன்டர்ல உக்கார்ந்து சீட்டைப் படிச்சு, எது சாப்பாட்டுக்கு முன்னாடி எது பின்னாடின்னு சொல்லிக் கொடுப்பாங்க. எனக்கு பிரஷர் மாத்திரை பத்து வருஷமா அங்கதான். அந்தம்மாவுக்குக் கண்ணுக்குக் கீழ, கன்னத்துல, மிளகு அளவுக்கு ஒரு மச்சம். தெருவுல எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் அந்தம்மா இல்லாத நேரம் பார்த்து கடைக்காரரு எங்க வீட்டுக்கு வந்தாரு. பர்ஸைத் திறந்து, பின்னாடி ஒளிச்சு வெச்சிருந்த ஒரு சின்ன போட்டோவை எடுத்தாரு. ஓரமெல்லாம் தேஞ்சு போயிருந்துச்சு. சின்னப் பொண்ணு, லேசா ஒரு பக்கம் திரும்பி, வாயை மூடிக்கிட்டு சிரிக்குது. கண்ணுக்குக் கீழ மச்சம். மூலையில ஸ்டுடியோ பேரு. கல்யாணத்துக்கு முன்னாடியே இது என்கிட்ட வந்துடுச்சு, இருக்கிறது அவளுக்கே தெரியாது, அடுத்த வாரம் அவளுக்கு அறுபது முடியுது, இதை வெச்சு ஒரு அட்டை பண்ணிக் கொடுங்கன்னு கேட்டாரு. சொல்லும்போதே அவருக்குக் காது சிவந்துச்சு. இந்த வயசுல மனுஷனுக்கு வெக்கத்தைப் பாருன்னு நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

இவ அதை ஸ்கேன் பண்ணி, போட்டோவை அப்பவே அவர்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டா. அப்புறம் மூணு நாள் அந்த முகத்து மேலயே குனிஞ்சு கிடந்தா. முடி, புருவம், மூடின உதடு எல்லாத்தையும் திரையில கோடு கோடா இழுத்து, இவளே சொந்தமா ஒரு ஸ்டாம்ப் படம் பண்ணிட்டா. மச்சத்தை மட்டும் கோட்டுல போடல. வர்ணமெல்லாம் கொடுத்து முடிச்சப்புறம், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, ஊசி முனை பேனாவால கையாலயே வெச்சா. சும்மா சொல்லக்கூடாது, உயிரோட பார்க்கிற மாதிரி இருந்துச்சு. அவரும் வந்து வாங்கிட்டுப் போனாரு.

பிறந்தநாளுக்கு மறுநாள் காலையில பத்து மணி இருக்கும். கதவைத் திறந்தா மருந்துக்கடை அம்மா. கையில அந்த அட்டை. இன்னொரு கையில ஒரு துணிப்பை, நல்லா உப்பிப் போய். நன்றி சொல்ல வந்திருக்காங்கன்னு நினைச்சு நான் பல்லைக் காட்டினேன். அவங்க முகத்துல ஈயாடல. பையைக் காலடியில வெச்சாங்க, அட்டையை மேஜை மேல வெச்சாங்க.

"இது யாரு?"ன்னு கேட்டாங்க.

நீங்கதான்னு இவ சொன்னா.

"நான் இல்ல. இது எங்கக்கா."

எனக்கு ஒண்ணும் விளங்கல. அவங்களே சொன்னாங்க. ரெண்டு பேரும் இரட்டைப் பிறவியாம், அக்கா பத்து நிமிஷம் மூத்தவ. ஒரே முகம், ஒரே குரல். மச்சம் மட்டும் அக்காவுக்கு வலது கன்னம், இவங்களுக்கு இடது கன்னம். பெத்தவங்களே மச்சத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுவாங்களாம். அப்போ கடைக்காரரு வேற ஒரு மருந்துக்கடையில வேலைக்கு இருந்திருக்காரு. அப்பாவுக்கு மருந்து வாங்க இவங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போவாங்களாம். அப்புறம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து, பன்னெண்டே நாள்ல போயிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு கடைக்காரரு வீட்டுக்கு வந்து இவங்களைக் கேட்டிருக்காரு.

"என்னைத்தான் பிடிச்சு வந்தீங்களான்னு கல்யாணமான புதுசுல ஒரு தடவை கேட்டேன். உன்னைத்தான்னாரு. நம்பிட்டேன். முப்பத்தஞ்சு வருஷமா அதை வெச்சுத்தான் குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கேன்."

இவ்வளவையும் அழாமச் சொன்னாங்க. அட்டையைப் பார்த்ததும் சிரிச்சு வெச்சிருக்காங்க, அவருக்குக் காட்டிக்கல. ராத்திரி பூரா படுத்துக்கிட்டே யோசிச்சிருக்காங்க. அவர்கிட்ட கேட்டா சமாதானமா எதையாவது சொல்லுவாரு, அதனாலதான் நேரா இங்க வந்தேன், போட்டோ உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்ல, அது பொய் சொல்லாதுன்னாங்க. அதுல மச்சம் வலது கன்னத்துல இருந்தா இங்கேருந்தே தம்பி வீட்டுக்குப் போறேன், பையோடதான் வந்திருக்கேன்னாங்க.

ஆனா என் வீட்டுக்காரி தலையில அடிச்சுக்கிட்டு சிரிச்சா. நல்லா மனசு விட்டு சிரிச்சா. "ஐயோ, நான் படத்தைத் திருப்பியிருப்பேங்க! எதைக் கொடுத்தாலும் திருப்பறது என் கெட்ட பழக்கம்"னு சொல்லி, அலமாரியில இருந்து பழைய அட்டையெல்லாம் எடுத்துப் போட்டா. இந்தா இந்த நாய் முதல்ல அந்தப் பக்கம் பார்த்துச்சு, இந்தத் தாத்தா இடது கையால தூண்டில் பிடிக்கிறாரு பாருங்க, எல்லாம் நான் திருப்பினதுதான். திருப்பினா மச்சமும் பக்கம் மாறும்ல? போயும் போயும் என்னால உங்களுக்கு ஒரு ராத்திரி தூக்கம் கெட்டுச்சேன்னு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டா. எனக்கும் போன உயிரு திரும்பி வந்துச்சு. அந்தம்மா முகம் கொஞ்சம் இளகுச்சு.

ஆனாலும் கண்ணால பார்த்தாத்தான் மனசு ஆறும்னு சொன்னாங்க. நியாயம்தானே. இருங்க, திறந்து வெச்சுட்டுக் கூப்பிடறேன்னு இவ சின்ன அறைக்குள்ள போனா. என்ன இருந்தாலும் பார்த்துடுவோம்னு நானும் பின்னாடியே போனேன்.

கம்ப்யூட்டரைத் தட்டினா. ஸ்கேன் பண்ணின போட்டோ திரையில வந்துச்சு.

மச்சம் வலது கன்னத்துல இருந்துச்சு.

அந்தப் பொண்ணு அட்டையைத் திறக்கிற பக்கம்தான் பார்த்துக்கிட்டு இருந்தா. முதல்லயே சரியான பக்கம் பார்த்துட்டதால திருப்பவே வேண்டியிருக்கல. பத்துக்கு ஆறு திருப்பறவ, இதைத் திருப்பல. பழக்கதோஷத்துல திருப்பினதா நினைச்சுக்கிட்டு, ஹால்ல உக்கார்ந்திருக்கிற பொம்பளைக்கு அடிச்சு சத்தியம் பண்ணாத குறையா சொல்லிட்டு வந்திருக்கா. கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இவ முகம் அவ வெட்டற வெள்ளை அட்டை மாதிரி வெளுத்துப் போச்சு. இப்ப இவ வெளிய போய், நான் சொன்னது தப்பு, இது உங்கக்காதான்னு சொல்லிடுவான்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். நேத்துத் தேதி போட மாட்டேன்னவ வேற என்ன பண்ணுவா? அந்தப் பையையும் அந்த முகத்தையும் நினைச்சுக்கிட்டேன்.

திறந்தாச்சான்னு வெளிய இருந்து குரல் வந்துச்சு. நாற்காலி நகர்ற சத்தம்.

என் வீட்டுக்காரி கை நீட்டி அந்தப் பட்டனைத் தட்டினா.

முகம் திரும்புச்சு. மச்சம் இடது கன்னத்துக்குப் போயிடுச்சு. மூலையில இருந்த ஸ்டுடியோ பேரு எழுத்து எழுத்தா இடவலம் மாறி நின்னுச்சு. அதையும் பார்த்தா. ரெண்டே இழுப்புல அந்த மூலையை வெட்டித் தூக்கிட்டா. ஒரு பெருமூச்சு விடற நேரம்கூட ஆகல. நான் வேணாம்னு தலையாட்டினேனா, ஆகட்டும்னு தலையாட்டினேனா, எனக்கே தெரியாது. அவ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. அந்தம்மா உள்ள வந்தப்போ இவ நாற்காலியைத் தள்ளி இடம் விட்டு, நல்லாப் பாருங்கன்னு சொன்னா. இருபத்தெட்டு வருஷம் ஜன்னல்ல உக்கார்ந்து அடுத்தவங்களைக் கூப்பிட்ட அதே குரல்.

அவங்க குனிஞ்சு பார்த்தாங்க. ரொம்ப நேரம். திரையில அந்த மச்சத்து மேல விரலை வெச்சாங்க. அதே விரலைத் தன் கன்னத்துல, இடது கன்னத்துல வெச்சாங்க. அப்படியே அந்த ஸ்டூல்ல உக்கார்ந்து, வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. ராத்திரியில இருந்து அடக்கி வெச்சது. நான் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

அழுது முடிச்சு முகத்தைத் துடைச்சவங்க, இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டாங்க. அந்த போட்டோ அவரு பர்ஸ்லதானே இருக்கு, இப்பவே போய் வாங்கிக்கறேன், என் போட்டோவை நானே வெச்சுக்கறேன்னாங்க.

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தா. "ஏங்க, உங்க பிரஷர் மாத்திரை தீர்ந்து போச்சுல்ல, போய் வாங்கிட்டு வந்துடுங்க"ன்னா. மாத்திரை டப்பா நிறைய இருக்கு. முதல் பொய்யில இருந்து ரெண்டாவது பொய்க்கு அவளுக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படல. அந்தம்மாகிட்ட, முகமெல்லாம் வீங்கியிருக்கு, கழுவிக்கிட்டு ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்கன்னு தோளைப் பிடிச்சு உக்கார வெச்சா. நான் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு ஓடினேன்.

கடையில ஒரு ஆள் கட்டுப்போடற துணி வாங்கிக்கிட்டு, அது போதுமா இது போதுமான்னு உயிரை எடுத்துக்கிட்டு இருந்தான். அவன் போறவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். போனதும் கவுன்டருக்குள்ளயே போயிட்டேன். சுருக்கமா எல்லாத்தையும் கொட்டினேன். உங்க சம்சாரம் பையோட எங்க வீட்டுல இருக்காங்க, நீங்க கொடுத்த படத்துல மச்சம் வலது பக்கம், அது அவங்கக்கா, என் வீட்டுக்காரி திருப்பிக் காட்டி வெச்சிருக்கா, இப்ப அவங்க அசலைக் கேட்டு வராங்க, எடுங்க அந்த போட்டோவைன்னு சொன்னேன்.

மனுஷன் பர்ஸைத் திறந்து போட்டோவை எடுத்தாரு. கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தாரு. வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தாரு.

"அண்ணே, அவளுக்கு எந்தப் பக்கம்?"ன்னு கேட்டாரு.

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. முப்பத்தஞ்சு வருஷமா ஒரே வீட்டுல, ஒரே கடையில, எதிரும் புதிருமா உக்கார்ந்திருக்கிற மனுஷன்யா நீன்னு கத்த வாயெடுத்தேன். அவரு முகத்தைப் பார்த்ததும் வாய் தானா மூடிக்கிச்சு. அந்த ஆளு நடிக்கல. பேய் அறைஞ்ச மாதிரி நின்னாரு. அவருக்கு நிஜமாவே தெரியல.

அப்புறம் தட்டுத்தடுமாறிச் சொன்னாரு. அப்போ இரட்டைப் பிறவின்னே தெரியாதாம். ஒரு பொண்ணுதான் வருதுன்னு நினைச்சிருக்காரு. முதல் தடவை அந்தப் பொண்ணு வந்தப்போ இவரு கை தவறி இருமல் மருந்து பாட்டிலை உடைச்சுட்டாராம். முதலாளி திட்டத் திட்ட, அந்தப் பொண்ணு வாயை மூடிக்கிட்டு சிரிச்சுதாம். அந்தச் சிரிப்புல விழுந்தவருதானாம். பக்கத்து ஸ்டுடியோவுல வேலை பார்த்த நண்பன்கிட்டக் கெஞ்சி, அந்தப் பொண்ணு எடுத்துக்கிட்ட போட்டோவுல ஒரு பிரதி வாங்கி வெச்சிருக்காரு. நடுவுல ஆறு மாசம் பொண்ணு வரல. அப்புறம் வந்துச்சு, இளைச்சுப் போய், சிரிக்காம. ஏதோ உடம்பு சரியில்லாம இருந்திருக்குன்னு நினைச்சிருக்காரு. அக்கா ஒருத்தி இருந்து செத்துப் போனது, பொண்ணு கேக்கப் போன அன்னைக்குத்தான் தெரியுமாம். நான் பார்த்தது இவளைத்தான்னு அவருக்கு ஒரு நாளும் சந்தேகமே வந்ததில்லையாம்.

"அப்போ நான் யாரை நினைச்சுக்கிட்டுப் போய் இவளைக் கேட்டேன்?"னு என்னையே கேட்டாரு. போட்டோவை அவரு கையில இருந்து பிடுங்கி என் சட்டைப்பையில போட்டுக்கிட்டேன். கேட்டா என் வீட்டுக்காரிகிட்ட இருக்குன்னு சொல்லுங்கன்னேன். அவரு காதுல விழுந்துச்சோ இல்லையோ.

அந்தம்மா வந்துட்டாங்க. முகம் கழுவி, தலை வாரி, ஒரு பத்து வயசு குறைஞ்ச மாதிரி. பையைக் கவுன்டருக்குக் கீழ காலால தள்ளிட்டு, தன்னோட ஸ்டூல்ல உக்கார்ந்தாங்க. எங்க என் போட்டோன்னு கை நீட்டினாங்க. பெருசா அச்செடுத்துத் தர்றதுக்காக வீட்டுல கேட்டாங்க, நான்தான் வாங்கி வெச்சிருக்கேன்னு நான் சொன்னேன். அன்னைக்கு நானும் என் பங்குக்கு ஒண்ணு. சரி, பத்திரமா வெச்சிருக்கச் சொல்லுங்கன்னு சிரிச்சாங்க. அவரு அவங்களையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அந்த இடது கன்னத்தை. புதுசா ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரி.

திடுதிப்புன்னு கேட்டாரு, "பாட்டில் உடைஞ்ச அன்னைக்குச் சிரிச்சது நீதானே?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. இந்த ஆளு காரியத்தையே கெடுத்துட்டாரேன்னு அவரு காலை மிதிக்கப் பார்த்தேன். அந்தம்மா ஒரு மருந்துச் சீட்டை எடுத்து மடிச்சாங்க, பிரிச்சாங்க.

"இல்ல. அது அக்கா. வீட்டுக்கு வந்து என்கிட்டச் சொல்லிச் சொல்லி சிரிச்சா. நீங்க அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான்னே நினைச்சுக்கட்டும்னு இத்தனை வருஷமும் வாயைத் திறக்கல. பயம்தான். இன்னைக்குப் பயம் போச்சு. பாவம், அவளும் இருபத்துநாலு வயசுல போனவ, அந்தச் சிரிப்பு அவளோடதாவே இருந்துட்டுப் போகட்டும். போட்டோ என்னோடதுதானே."

என் சட்டைப்பையில அது நெஞ்சோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கடைக்காரரு என் பையைப் பார்த்தாரு, அப்புறம் அவங்களைப் பார்த்தாரு. சிரிப்பும் அவங்களோடது இல்ல, படமும் அவங்களோடது இல்லைன்னு அந்த நிமிஷத்துல அவருக்கு முழுசாத் தெரிஞ்சு போச்சு.

"உன்னோடதுதான்"னாரு.

சொல்லிட்டு, கை நீட்டி அவங்க இடது கன்னத்து மச்சத்தைத் தொட்டாரு. கடையில ஆள் நிக்கறாங்கன்னு அவங்க கையைத் தட்டி விட்டாங்க.